விழுந்த இடத்து மண்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பேரை வளர்த்திருக்கிறேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஐந்தாவது என் கடைசி மகளின் மகள். நால்வரும் அவரவர் காலில் நிற்கிறார்கள். ஐந்தாவதுக்குப் பதினாறு வயது. அவளை இன்னும் வளர்த்து முடிக்கவில்லை. அதனால்தான் இந்த வயதில் இவ்வளவு பயம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்கு வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரம்மாவிடம் கற்றதுதான். கொம்பும் காலும் எனக்கு இன்றைக்கும் இடம் மாறும். ஆனால் கையெழுத்துக் கேட்ட இடத்தில் நான் கைநாட்டு வைத்தது கிடையாது. இதையும் நானேதான் எழுதுகிறேன், மெதுவாக. எதற்கு எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீடு. கீழே நான், மகள், பேத்தி. மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் அவள் வீட்டுக்கு வரும்போது பேத்தி பள்ளிக்கூடத்தில் இருப்பாள், மறு வாரம் பேத்தி வரும்போது அவள் கம்பெனி பஸ் ஏறியிருப்பாள். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். திருநெல்வேலிக்காரர், பீகார்க்காரர் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். அப்புறம் ஸ்வீடன் தேசத்துக்காரர்கள், புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். புருஷனுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் புது மெஷின்களை நிறுவிக் கொடுக்கிற வேலை. அந்தம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எங்கள் நிலைப்படியில் தலை குனிந்துதான் நுழைவாள்.

முதல் நாள் நான் காபி கொடுத்தபோது அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் நேராக இல்லை. இரண்டு விரல் பக்கவாட்டில் போயிருந்தன, சுண்டுவிரல் மடங்கவேயில்லை. களை எடுத்து என் கையும் கெட்டுத்தான் கிடக்கிறது, ஆனால் இது வேறு மாதிரி. என்ன வேலை செய்த கை என்று பேத்தியைக் கேட்கச் சொன்னேன். பேத்தி இங்கிலீஷில் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆயா, இந்தம்மா புட்பால் கோல் கீப்பராம். அவங்க ஊர்ல பெரிய டீமுக்கெல்லாம் ஆடினாங்களாம். இப்ப கோச்சு."

"கோல் கீப்பர்னா?"

"எல்லாரும் ஒதைக்கிற பந்த இவங்க ஒருத்தரு நின்னு புடிக்கணும்."

"மத்தவங்க என்னா பண்ணுவாங்க?"

"ஓடுவாங்க."

வெள்ளைக்காரியாக இருந்தாலும் ஒருத்தி நின்று வாங்குவதும் மற்றவர்கள் ஓடுவதும்தான் போல என்று சொன்னேன். பேத்தி அதை அப்படியே சொல்லிவிட்டாள். அந்தம்மா சிரித்த சிரிப்பில் டம்ளர் காபி தளும்பியது. அன்றிலிருந்து நாங்கள் சேர்த்தி. எங்களிடம் வருவதற்கு முன் பெங்களூரில் இருந்ததால் கன்னடம் கொஞ்சம் பேசுவாள். பாட்டி என்பதற்கு என்னை 'அஜ்ஜி' என்பாள். காலையில் இறங்கி வந்ததும் "அஜ்ஜி, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பாள். அப்புறம் எங்கள் பேச்சும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். மூன்று பாஷையும் கலந்து பேசுவாள். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்.

தெருவுக்குப் பின்னால் செம்மண் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே தொழிலாளி வீட்டுப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அவள் பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பேத்தி அதில் சேர்ந்ததற்குக் காரணம் என் கைதான். மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை டப்பாவில் அள்ளி எடுக்கும்போது, சுவருக்கு வெளியே கை நழுவியது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பேத்தி நிமிர்ந்து பார்த்து ஒற்றைக் கையில் பிடித்தாள். ஒரு வடகம் சிந்தவில்லை. படியில் நின்ற அந்தம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் என் பேத்தி இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்றாள்.

எதிர்வீட்டுக்காரிக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் பெரியம்மா, வெள்ளக்காரி பேச்ச கேட்டுகினு பொட்டப் புள்ளைய மண்ணுல பொரள வுட்டுட்டியாமே. நாளைக்கு யாரு கட்டுவா?"

"உன் மகன் பொழுதுக்கும் தெருமுனைய காத்துகினு நிக்கறான். என் பேத்தி கோல காக்கறா. எது தேவலாம்னு நீயே சொல்லு."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர என் காது மைதானத்துப் பக்கம்தான் இருந்தது. அந்தம்மா பந்து பிடிப்பதை முதலில் சொல்லிக்கொடுக்கவில்லை. விழுவதைச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தையை மைதானத்தில் போட்டு, அதன்மேல் பக்கவாட்டில் விழச் சொன்னாள். முதலில் தொடை படணும், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். தலை படவே கூடாது. கொஞ்ச நாள் கழித்து மெத்தையை எடுத்துவிட்டுச் சாக்கு. அப்புறம் வெறும் மண். விழும்போது தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். சாயங்காலம் எங்கள் கொல்லையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் வரும். ஒவ்வொரு தொப்புக்கும் நான் கையில் இருந்ததைக் கீழே வைப்பேன். அடுத்து அவள் குரல் கேட்டால்தான் மறுபடி எடுப்பேன்.

இப்படியே போய், மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் வந்தது. கிருஷ்ணகிரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்திலிருந்து கோல் கீப்பராக என் பேத்தி. அந்த வாரம் பூராவும் அவள் சோறு தின்றதைவிடப் பேசியதுதான் அதிகம்.

வியாழக்கிழமை அந்தம்மா பெங்களூர் போயிருந்தாள். பிள்ளைகள் தாங்களாகவே ஆடினார்கள். இருட்டும் நேரத்தில் பேத்தி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தாள். நான் லைட்டைப் போட்டேன்.

"அணைச்சிடு ஆயா."

"ஏண்டி?"

"கண்ணு கூசுது. அம்மா எந்த ஷிப்டு?"

"ரெண்டாவது ஷிப்டு. ராத்திரிதான் வருவா."

தட்டில் சோறு போட்டு வைத்தேன். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "அம்மா எந்த ஷிப்டு ஆயா?" என்று மறுபடி கேட்டாள். சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினால் மூன்றாவது தடவையாக அதையே கேட்டாள். பிறகு எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

முதுகைத் தடவிக்கொண்டே கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் சொன்னாள். காலடியில் வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்திருக்கிறாள். ஓடி வந்தவள் இவள்மேல் விழ, தலை கம்பத்தில் மோதியிருக்கிறது. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தெரியவில்லையாம்.

"ஆசுபத்திரி போலாம் வா."

"வேணாம். தூங்கினா சரியாப் போயிரும். கோச் மேடம்கிட்ட மட்டும் சொல்லிராத ஆயா. சொன்னா ஞாயித்துக்கெழம ஒக்கார வச்சிரும்."

"ஒக்காந்தா என்னா? அடுத்த வருசம் போ."

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும். நீ சொல்ல மாட்டன்னு என் தலை மேல கை வச்சு சத்தியம் பண்ணு."

நான் மாட்டேன் என்றேன். அவள் என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள், அடிபட்ட பக்கத்திலேயே. கண்ணில் நீர். நான் 'சொல்லல' என்றேன். எங்கள் வழக்கத்தில் தலைமேல் கை வைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால், கேடு சொன்னவரை அண்டாது. எந்தத் தலையில் கை வைத்தோமோ அந்தத் தலைக்குத்தான் வரும். சொன்ன பிறகுதான் எந்தத் தலையில் கை வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

மகள் வேலை முடிந்து வந்தபோது பேத்தி படுத்துவிட்டாள். தலைவலி என்று மட்டும் சொன்னேன். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது. அதற்கு மேல் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. பயந்த கோளாறாக இருக்கும், விழுந்த இடத்து மண்ணை எடுத்துச் சுற்றிப் போட்டால் தெளிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் நால்வருக்கும் அப்படிச் செய்துதான் தெளிந்தது. ஆனால் அவர்கள் யாரும் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டதில்லை.

விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். விழுந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்தால், வீட்டுக்கு வந்து மிளகாயும் உப்பும் சேர்த்துச் சுற்றித் தணலில் போடும்வரை வாய் திறக்கக் கூடாது. எதிரில் யார் வந்தாலும் பேசக் கூடாது. பம்பு ரூம் பக்கத்துக் கம்பம் என்று பேத்தி சொல்லியிருந்தாள். அங்கே மண் உழுதமாதிரி கிடந்தது. குனிந்து கைப்பிடி அள்ளினேன். நிமிர்ந்தால் எதிரில் அந்தம்மா, ராத்திரியே பெங்களூரிலிருந்து திரும்பியிருக்கிறாள், தோளில் பந்துப் பை.

"அஜ்ஜி, ஏனு இது? என்னா பண்றீங்க இங்கே?"

நான் பேசவில்லை. கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள்.

"யாரு விழுந்தாங்க?"

எங்கள் ஊரில் இரண்டு வருஷம் இருந்தவள். எதிர்வீட்டுக் குழந்தை படியில் உருண்டபோது நான் மண் எடுத்ததைப் பார்த்திருக்கிறாள். விழாத இடத்தில் யாரும் மண் எடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

என்னால் இப்போதும் அந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாய் திறந்தால் கையிலிருக்கும் மண் வீண். சத்தியம் உடையும். உடைந்தால் அது அந்தத் தலைக்கு. திறக்காவிட்டால் அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தக்காளிதான் தெரியும். ராயக்கோட்டை மண்டிக்குப் போகும்போது ஒரு தக்காளிப் பெட்டி வண்டியிலிருந்து விழுந்தால், மேலே தோல் பளபளவென்றுதான் இருக்கும். அதை அன்றைக்கு விற்க மாட்டோம். ஓரமாக வைத்து ஒரு நாள் பார்ப்போம். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே நீர்விட்டுப் போயிருக்கும். என் பேத்தியை மட்டும் அப்படியே ஏற்றி அனுப்பவா?

கையைத் திறந்தேன். மண் என் காலிலேயே விழுந்தது.

"என் பேத்திதான். தலை. இந்தக் கம்பத்துல. வாந்தி எடுத்தா. கேட்டதையே கேக்கறா."

அந்தம்மாவின் முகம் வெளுத்தது. வெள்ளைக்காரி முகம் அதற்குமேல் வெளுக்கும் என்று நான் நினைத்ததில்லை. பந்துப் பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். நான் பின்னால் ஓட முடியாமல் ஓடினேன்.

வீட்டில் பேத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நிற்க முடியவில்லை. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டு சொல்லிவிட்டுப் பேத்தி மேலே பார்த்தாள். பேப்பரைக் கையில் கொடுத்து ஒரு வரி படி என்றாள். "எழுத்து ஊருது" என்று பேத்தி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த எதிரிக்கும் நான் கொடுத்ததில்லை.

மகளை எழுப்பினோம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கசியவில்லை, தெய்வம் காப்பாற்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, தலை முழுக்கத் தெளியும்வரை ஓட்டம் கூடக் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்குள்ள இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாதுங்கம்மா."

ஆட்டோவில் வரும்போது பேத்தி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினாள்.

"என் தலை மேல கை வச்சு சொன்ன நீ. இனிமே எனக்கு எதுனா ஆச்சுன்னா உன்னாலதான்."

மகள் அவளை அதட்டினாள். அவள் சொன்னதைத்தான் நானும் மைதானத்திலிருந்து நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அந்தம்மா கீழே இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். லைட் போடவில்லை. பேத்தியிடம் மெதுவாக இங்கிலீஷில் பேசினாள். பிறகு, "அஜ்ஜிக்குச் சொல்லு. ஒவ்வொண்ணும் சொல்லு" என்றாள். பேத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இரண்டு வருஷமாக எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்த கதைதான். அவள் ஊரில் பாதி வருஷம் பனி கிடக்கும், கூடாரம் மாதிரி கொட்டகைக்குள் ஆடுவார்கள். அண்ணன்மார் பந்து உதைக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததால் அவள் கோலில் நின்றாள். தபால் பிரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஊர் அணி, பெரிய அணி என்று போனாள். நாட்டு அணியில் எடுத்தார்கள், ஆனால் முதல் ஆளாக இல்லை. வருஷக்கணக்கில் ஓரத்துப் பெஞ்சில் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவள் முறை வந்தது. அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் தலையில் ஒருத்தியின் முட்டி பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பெஞ்சு.

இந்த இடத்தில் பேத்தியின் குரல் இறங்கியது.

"அப்பறம்?"

"அப்பறம் அந்த ஆட்டத்துல மறுபடியும் அடி பட்டுச்சாம். சின்ன அடிதானாம். அவங்களுக்கு... அந்த ஆட்டமே ஞாபகம் இல்லியாம் ஆயா. ஜெயிச்சாங்களாம். இவங்கதான் காப்பாத்தினாங்களாம். மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அதோட ஆட்டம் முடிஞ்சிருச்சி."

"அதுக்கப்பறம்?"

"ரொம்ப நாளு எழுத்து படிக்க முடியல. அவங்க வூட்டுக்காரருதான் வாசிச்சு காட்டுவாராம். வெளிச்சத்துல நிக்க முடியல. எல்லாம் சரியானப்பறம் கோச்சா போயிட்டாங்க. யாரையும் மறைக்க வுடக் கூடாதுன்னுதான் போனாங்களாம்."

அந்தம்மா வளைந்த விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். எங்கள் சத்தியம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பேத்திதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வெள்ளை முடிக்கு அடியில் ஒரு தழும்பு கூட என் கைக்குத் தட்டுப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு பெண் கோலில் நின்றாள். பேத்தி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். அதற்கப்புறம் என்னோடு அவள் பேசுவதில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், கூப்பிட்டால் வருகிறாள். வார்த்தை மட்டும் இல்லை. நான் அவள் நடையைப் பார்க்கிறேன், டம்ளர் எடுக்கும் கையைப் பார்க்கிறேன். படியில் கால் தடுக்கினால் என் சத்தியம்தானோ என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் திரும்பி வரும்வரை கீழே நிற்கிறேன்.

இந்த ஒரு பயம் மட்டும் போதும் என்றிருந்தால், போன வாரம் அந்தம்மா இன்னொன்று சொன்னாள். மைதானத்துக்கு ஒரே அடியாகப் போக முடியாதாம். முதலில் படிக்கணும். எழுத்து ஊராமல், தலை வலிக்காமல், கொஞ்சம் நீளமாக எதையாவது வாசித்து முடிக்கணும். அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் பந்து, கடைசியில்தான் விழுவது. வயதுக் கணக்குப் பார்க்காத இன்னொரு அணி பெங்களூரில் இருக்கிறதாம். தலை தேறினால் அங்கே தானே அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

பேப்பர் எழுத்து பொடி. போன் கூடாது. பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தொட்டால் இவள் எனக்குத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு, முடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். என் எழுத்துப் பெரிசு. கோணலாக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். இதை எனக்கு நீ சத்தமாகத்தான் படித்துக் காட்ட வேண்டும். நான் எழுதியது எனக்குத் தெரியும், ஒரு வரி தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

நீ நல்லபடியாக முடித்தால் மறுபடி அந்தக் கம்பத்துக்கு நடுவில் போய் நிற்பாய். மறுபடி அந்தத் தொப்பென்ற சத்தம் வரும். முடிக்காவிட்டால் அது வராது. இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே படி. ஆனால் எழுத்து எங்கே ஊர ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்திச் சொல்லிவிடு, மறைக்காதே. இந்தத் தடவை நான் உன் தலைமேல் கை வைக்கவில்லை, மடியில்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன், வெளிச்சம் கூசாது. இந்தா கண்ணு, மேலே இருந்து ஆரம்பி. 'எனக்கு எழுபத்துமூன்று வயது'. அங்கிருந்து படி, கேட்கிறேன்.